ஒல்லாந்தர் எழுதாத பக்கம்

1

இந்தக் கதை ஒரு ‘தாங்க்ஸ்’ஸில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், பிறகு யாரும் வந்து என் வாயைக் கிளற வேண்டாம்.

ஆக்லாந்து நகர நடுவில் ஒரு தேவாலயம். புதன்கிழமைகளில் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு இலவசக் கச்சேரி வைப்பார்கள். நான் இசைக்காகப் போகவில்லை. மழை. காற்றில் குடை முறிந்துவிட்டது. கதவு திறந்திருந்தது. உள்ளே எங்கள் நிறத்தில் ஒருத்தி ஓபோ வாசித்துக்கொண்டிருந்தாள். ஓபோவைக் காணாதவர்களுக்கு: நாதஸ்வரத்தைவிடக் குட்டை, கறுப்பு, உடம்பெல்லாம் வெள்ளிச் சாவி, வாயில் வைக்கும் இடத்தில் நூலால் கட்டிய இரண்டு நாணல் சீவல். மூக்கால் பேசும் ஒரு கெட்டிக்காரியின் குரல்.

முடிந்ததும் தேநீர் வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றேன். நரைத்த தாடிக்காரர் ஒருவர் கோப்பையும் கையுமாக வந்து, அந்தச் சோக இசையில் உங்கள் தாய்நாட்டின் துயரம் கேட்டது என்று அவளிடம் சொன்னார். அந்த இசையை எழுதியவர் ஒரு டச்சுக்காரர். அப்படித்தான் எல்லோர் கையிலும் இருந்த தாளில் அச்சடித்திருந்தது. அவர் கையிலும் அதே தாள் இருந்தது. அதன்மேல் பிஸ்கட்டை வைத்திருந்தார்.

அவள் சிரித்து, “தாங்க்ஸ்” என்றாள்.

தாடிக்காரரில் எனக்குப் பெரிய கோபம் இல்லை. மழை பெய்தால் நனைவது போல, அவர்கள் அப்படித்தான். கோபம் அவளில். என்ன தாங்க்ஸ்? எதுக்குத் தாங்க்ஸ்? பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் டெலிபோனில் எழுதத் தொடங்கினேன். நோக்கம் ஒன்றுதான்: அவளை அந்தத் தாங்க்ஸ் சொல்ல விடாத ஒரு கதை.

அவள் யார், பெயர் என்ன, எனக்குத் தெரியாது. கேட்கவுமில்லை. இனி வருவதெல்லாம், லோஜனா என்ற பெயர் உட்பட, நான் உண்டாக்கியது. [இந்த வரியை நினைவில் வைத்திருங்கள். கடைசியில் என்னையே கடிக்க வரும்.]

2

தொடக்கம் ஒன்று: “லோஜனாவின் பரம்பரையில் கோயில் நாதஸ்வரக்காரர் ஒருவர் இருந்தார் என்பது அவளுக்குத் தெரிய வந்த அன்று—”

வேண்டாம். எழுதும்போதே எனக்கு வாந்தி வந்தது. ஓபோவும் நாதஸ்வரமும் இரண்டுமே நாணலில் ஊதுவதுதானே, ஆகா, இரத்தத்தில் ஓடுகிறது என்று நீங்கள் தலையாட்டியிருப்பீர்கள். இரத்தத்தில் ஓடுவது இரத்தம்தான். எங்கள் ஆட்களுக்குக் கொஞ்சம் கொலஸ்ட்ரோலும்.*

* இந்தக் கதையில் சோதிலிங்கம் என்றொரு அங்கிள் வருவார். தமிழ்ச் சங்கத்துக்குப் பதினொரு வருடம் தலைவர். லோஜனாவைக் கண்ட இடமெல்லாம், உந்த வெள்ளைக்காரன்ர குழலை விட்டிட்டு எங்கட நாதஸ்வரத்தை ஊதினா என்ன பிள்ளை என்று கேட்பார். நாதஸ்வரம் ஊதுகிற குடும்பத்தில் உங்கள் மகனுக்குச் சம்பந்தம் எடுப்பீர்களா அங்கிள் என்று திருப்பிக் கேட்டால் வடை தொண்டையில் நிற்கும். கேட்டுப் பார்க்கத்தான் எனக்கு ஆசை. லோஜனா கேட்க மாட்டாள்.

தொடக்கம் இரண்டு: “யாழ்ப்பாணக் கோட்டையின் மதிலில் கைவைத்தபோது, ஒல்லாந்தரின் இசை அவளுக்குள்—”

இதுவும் வேண்டாம். டச்சுக்காரரை எங்கள் ஆட்கள் ஒல்லாந்தர் என்பார்கள். நூற்று முப்பது வருடத்துக்கு மேல் யாழ்ப்பாணத்தை ஆண்டவர்கள். ஒரு கோட்டையும், ‘கந்தோர்’, ‘கக்கூசு’ என்று இரண்டு சொல்லும் விட்டுப் போனார்கள். வேலைக்குப் போக ஒன்று, வேலை முடிக்க ஒன்று. கொள்ளையடித்தவனின் பாட்டை அடிமையின் பேத்தி வாசிக்கிறாள் என்று எழுதினால் இங்கே விருது கொடுப்பார்கள். ஆனால் லோஜனா யாழ்ப்பாணம் போனது ஒரே ஒரு தரம், பதினொரு வயதில். தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் மூன்று கிழமை படுத்தபடி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோட்டையைக் கண்டதே இல்லை.

தொடக்கம் மூன்று. இதுதான் நிற்கும்:

மவுண்ட் ரோஸ்கில்லில் அவள் படித்த பள்ளிக்கூடத்தின் அலுமாரியில் ஓர் ஓபோ கிடந்தது. புல்லாங்குழலையும் கிளாரினெட்டையும் கெட்டிக்காரப் பிள்ளைகள் முதலே எடுத்துவிட்டார்கள். அன்று பல் டாக்டரிடம் போயிருந்ததால் லோஜனா பிந்தி வந்தாள். மிஞ்சியது அது. அவ்வளவுதான். விதியாம், மண்ணாங்கட்டியாம்.

3

இப்போது அவளுக்கு இருபத்தொன்பது. பழைய இசை வாசிக்கும் ஒரு சிறு குழுவில் இருக்கிறாள். மறந்துபோன டச்சு இசையைத் தேடி எடுத்து ஓபோவில் வாசிப்பது அவள் பைத்தியம். ஏன் டச்சு என்று எல்லோரும் கேட்கிறார்கள். அவளிடம் இருக்கும் பதில், “நல்லா இருக்கு.” யாருக்கும் அது போதவில்லை. ஜெர்மன்காரர் இசையை வாசிக்கும் வெள்ளைக்காரப் பெட்டையிடம் உன் பாட்டனை எந்த ஜெர்மன்காரன் அடித்தான் என்று யாராவது கேட்கிறார்களா?

அவள் கண்டெடுத்தவர் பெயர் ஹென்ட்ரிக் தெர் வெய்டன். ஆயிரத்து எழுநூற்று அறுபதுகளில் ஒரு சின்ன ஊர்த் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். [தேடாதீர்கள், கிடைக்க மாட்டார். நான் செய்தவர்.] ஓபோவுக்கு அவர் எழுதிய ஒரே ஒரு சொனாட்டா. மூன்று பகுதி. முதலும் கடைசியும் முழுதாக இருந்தன. நடுப்பகுதி, அந்த மெல்லிய சோகப் பகுதி, அதில்தான் வினை. பக்கவாத்தியமான ஆர்கனின் இடதுகை வரி, கீழே ஓடுவது, இருந்தது. ஓபோ வாசிக்க வேண்டிய தாள் இல்லை. இருநூற்று ஐம்பது வருடத்துக்குள் எந்த எலியோ, எந்த வீட்டு அடுப்போ.

வேறொருத்தியென்றால் இரண்டு பகுதியோடு விட்டிருப்பாள். இவள் எழுதினாள். அந்த இடதுகை வரிக்கு மேலே, அறுபத்திநாலு தாளக்கட்டம், தானே.

எழுதிய இடம் கராஜ். அப்பாவுக்கு மங்கரேயில் விமானச் சரக்குக் கிடங்கில் இரவு வேலை, பகலில் படுப்பார். அதனால் கராஜ் கதவின் கீழே ஈரத் துவாய் சுருட்டி வைத்து, கார் நின்ற எண்ணெய்க் கறைமேல் கதிரை போட்டு ஊதினாள். துவாய் என்ன செய்யும்? சுவர் மெல்லியது. நாலு மாதம் அந்தச் சோகம் வீடெல்லாம் நடந்தது. அப்பா தலையணையைக் காதில் அமுக்கியபடி கிடந்தார். அம்மா கௌரி, மங்கரேயில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் விடிய ஐந்துக்கு ஏறி மூன்றுக்கு இறங்குபவள், வீட்டுக்கு வந்து வெங்காயம் உரிக்கும்போதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் அதே பாட்டு. குசினி மேசையில் லோஜனா கத்தியால் வழித்துப்போட்ட நாணல் தூள். ஒருநாள் சோற்றிலும் இருந்தது.

இந்த இடத்தில் தொழில் விஷயம் ஒன்று. கதை முழுதும் இதில்தான் தொங்குகிறது.

பழைய இசையைப் பதிப்பிப்பவர்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. எழுதியவர் எழுதாததைப் பதிப்பிப்பவர் சேர்த்தால், அது ஒரு புள்ளியே ஆனாலும், சதுர அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். இது அவருடையது, இது என்னுடையது. லோஜனா போட்டாள். அறுபத்திநாலு கட்டத்தின் முதலில் [, முடிவில் ]. தன் பெயரைக்கூடப் போடவில்லை. எங்கள் பிள்ளைகள் வளர்ந்த வளர்ப்பு அப்படி: அவளுக்குப் பெயர் வைக்க இரண்டு குறி போதும்.

அந்த இரண்டு குறியையும் எடுத்துவிட்டார்கள்.

4

எடுத்தவர் ஹியூ. குழுவின் தலைவர். பதிப்பை அச்சுக்கு அனுப்புகிறவரும் அவர்தான். அடுத்த பருவத்துக்கு யாருக்கு நாற்காலி, யார் நெதர்லாந்துப் பயணத்துக்கு வருகிறார்கள் என்று முடிவெடுப்பவரும் அவர்தான்.

இவரை நான் கெட்டவராக எழுதப் பார்த்தேன். மூன்று தரம். வர மறுக்கிறார். ஒத்திகைக்குத் தன் கையால் கேக் சுட்டுக் கொண்டுவருகிறார். மழை நாளில் லோஜனாவை வீடுவரை காரில் விடுகிறார். அவள் பெயரைச் சரியாக உச்சரிக்க யூடியூப் பார்த்துப் பழகினார். இப்படி ஓர் ஆளை வைத்துக்கொண்டு நான் எப்படிக் கோபப்படுவது? ஆனால் யோசித்துப் பாருங்கள். இந்த நாட்டில் யாரும் உங்களை மிதிக்க மாட்டார்கள். ‘ஸாரி’ சொல்லிக்கொண்டே ஓர் ஓரமாக நகர்த்துவார்கள். நகர்ந்தபின் நீங்களும் ‘ஸாரி’ சொல்வீர்கள்.

குறிகள் பக்கத்தை அசிங்கமாக்குகின்றன என்றார் ஹியூ. வாசிப்பவருக்கு இடைஞ்சல். முன்னுரையில் அழகாக ஒரு வரி போட்டுவிடலாம். முன்னுரையின் வரைவு வந்தது. அந்த அழகான வரி வரவில்லை. அதற்குப் பதிலாக ‘முழுமையாக மீட்கப்பட்ட’ என்ற இரண்டு சொல் வந்தது. நெதர்லாந்தில் அழைப்பு விட்டவர்களும் அந்த இரண்டு சொல்லுக்குத்தான் அழைத்தார்கள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

லோஜனா என்ன சொன்னாள்?

“ஓகே” என்றாள்.

[இங்கே கதையை நிறுத்திவிட்டு இரண்டு நாள் சும்மா இருந்தேன். இவளை எனக்குப் பிடிக்கவில்லை. வாயில்லாத பூச்சியை வைத்து யார் கதை எழுதுவது? அவள் மேசையில் அடித்து எழும்புகிற மாதிரி ஒரு பக்கம் எழுதினேன். நன்றாக இருந்தது. அது நான் எழும்பியது. அழித்துவிட்டேன். முப்பது ஓபோக்காரருக்கு இந்த நகரத்தில் மூன்று நாற்காலி. அலுமாரியில் மிஞ்சியதை எடுத்தவளுக்கு அது நினைவிருக்கும்.]

5

சரி, கச்சேரி. சனிக்கிழமை பின்னேரம். மண்டபம் நிறைந்த நரைத்தலை. நெதர்லாந்திலிருந்து பழைய இசையில் கரைகண்ட அம்மையார் ஒருவர் விருந்தாளியாக வந்திருந்தார். தமிழர் பக்கத்தில் மூன்று பேர்: அம்மா, அப்பா, சோதிலிங்கம் அங்கிள். அங்கிளை யாரும் கூப்பிடவில்லை. அவரைக் கூப்பிட வேண்டியதில்லை.

வாசித்து முடித்தாள். நன்றாக வாசித்தாள், அதில் நான் கை வைக்க மாட்டேன். பிறகு கேள்வி நேரம்.

அம்மையார் எழும்பினார். முதல் பகுதியை அவள் வாசித்தவிதம் தன்னை உலுக்கிவிட்டது என்றார். தெர் வெய்டனின் காய்ந்த எழுத்துக்குள் இந்தக் கலைஞர் தன் கீழைத்தேசத்துச் சோகத்தை ஊற்றியிருக்கிறார் என்றார். ஆனால் நடுப்பகுதி, ஆ, அது வேறு. அந்த அடங்கிய தன்மை, அந்தத் தாழ்ந்த வானம், அந்த வாய்க்கால் நீர்! டச்சு மண்ணில் பிறந்தவனைத் தவிர வேறு யாராலும் அதை எழுதியிருக்க முடியாது.

உங்களுக்குப் புரிகிறதல்லவா? முதல் பகுதி ஒல்லாந்தர் எழுதியது, ஒரு புள்ளி மாற்றாமல் வாசித்தது. அது கீழைத்தேசமாம். நடுப்பகுதி மவுண்ட் ரோஸ்கில் கராஜில், எண்ணெய்க் கறைமேல் இருந்து இவள் எழுதியது. அது டச்சு மண்ணாம். அவளுடையது இல்லாததை அவளுக்குக் கொடுத்து, அவளுடையதை எடுத்துக்கொண்டார்கள்.

வெள்ளைக்காரரை மட்டும் திட்டி முடித்துவிடலாம் என்று பார்த்தால் சோதிலிங்கம் அங்கிள் விடவில்லை. அவரும் எழும்பினார். முதல் பாட்டில எங்கட முகாரி அப்பிடியே இருக்கு என்று ஆங்கிலத்தில் சபைக்கு விளக்கினார். இரண்டாவது வெறும் இங்கிலீஷ் சாமான், நித்திரை வந்திட்டுது என்று தமிழில் அப்பாவுக்குச் சொன்னார். அப்பாவுக்கு உண்மையிலேயே நித்திரை. வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். இங்கே இரண்டு ஓணான், இரண்டு மொழி, ஒரே வேலி.

அம்மையாரிடம் இன்னொரு கேள்வி இருந்தது. நடுப்பகுதியின் ஓபோத் தாள் எங்கே கிடைத்தது?

லோஜனா வாயைத் திறந்தாள். ஹியூ ஒலிவாங்கியை மெல்ல வாங்கி, “அது ஒரு நீண்ட தேடல்” என்றார். பொய் இல்லை. நாலு மாதத் தேடல்தான்.

எல்லோரும் கைதட்டினார்கள். லோஜனா, “தாங்க்ஸ்” என்றாள்.

பார்த்தீர்களா? இவ்வளவு பாடுபட்டு எழுதியும் அதே இடத்துக்கு வந்து நிற்கிறாள்.

6

அந்த மண்டபத்திலேயே முடிக்க மூன்று முடிவு எழுதினேன். அவமானத்தோடு வைக்கிறேன்.

முடிவு அ: லோஜனா ஒலிவாங்கியைப் பறித்து உண்மையைச் சொல்கிறாள். சபை உறைகிறது. பிறகு ஒருவர் எழும்பிக் கைதட்ட, மெல்ல எல்லோரும்— சீ. யார் கைதட்டுவார்கள்? ‘ஓ, இண்டரஸ்டிங்’ என்பார்கள். திங்கட்கிழமை நாற்காலி வேறொருத்திக்கு.

முடிவு ஆ: வாயை மூடிக்கொள்கிறாள். இருபது வருடம் கழித்து, உலகமெங்கும் தெர் வெய்டனின் நடுப்பகுதியை வாசிக்கிறார்கள். அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்து கண்ணீர்— இதற்கும் சீ. கண்ணீர் விட்டால் உங்களுக்குத் திருப்தி. அதனாலேயே தர மாட்டேன்.

முடிவு இ: அம்மா சபையில் எழும்பி, அது என் மகள் எழுதியது என்கிறாள். இதை எழுதி நானே அழுதேன். பிறகு வெட்கப்பட்டேன். கௌரி அன்று விடிய ஐந்துக்கு வேலைக்கு ஏறியவள். புதுச் சப்பாத்து வேறு கடித்துக்கொண்டிருந்தது. எழும்ப மாட்டாள். அதோடு, அவளுக்குத் தெரியும் என்று யார் சொன்னது?

7

தெரியும். அதுதான் எனக்கே பிறகு தெரிய வந்தது.

கச்சேரிக்கு அடுத்த வியாழக்கிழமை. மூன்று மணி. மங்கரேயில் சாப்பாடு கட்டும் இடத்து வாசலில் லோஜனா காரை நிறுத்தி அம்மாவுக்காகக் காத்திருக்கிறாள். தலைக்கு மேலே விமானம் இறங்குகிறது. டெலிபோனில் ஹியூ அனுப்பிய கடைசிப் படி. ஐந்து மணிக்குள் ஒப்புதல் சொன்னால் அச்சுக்குப் போகும். அதன்பிறகு அந்தப் பகுதி உலகம் அழியுமட்டும் தெர் வெய்டனுடையது. ஒன்பதாம் பக்கம். அறுபத்திநாலு கட்டம். சுத்தமாக இருந்தது. ஒரு குறியில்லை.

அம்மா ஏறினாள். வேலையில் தலைமயிரை மூடும் வலை அழுத்திய கோடு நெற்றியில் இன்னும் இருந்தது. பெல்ட்டை மாட்டினாள். கார் புறப்படவில்லை என்று கண்டு, மகளின் கையிலிருந்த டெலிபோனைப் பார்த்தாள்.

“அண்டைக்கு அந்த மனிசி எங்க கிடைச்சதெண்டு கேட்டாளெல்லோ.”

“ஓம்.”

“நீ உந்தப் பாட்டைக் கண்டெடுக்கேல்ல.”

லோஜனா திரும்பினாள். “ஹூ டோல்ட் யூ?”

“ஆர் சொல்லவேணும்? மற்றப் பாட்டுகளில பிழை விட்டா, சரி வருமட்டும் திரும்பத் திரும்ப அதையேதான் ஊதுவாய். உதில மட்டும் சரியா ஊதினதை அடுத்த நாள் மாத்தி ஊதினனீ. எழுதி வைச்சதெண்டா நாளுக்கு நாள் மாறுமே?”

இசை தெரிந்த ஒரு மண்டபம் முழுவதற்கும் கேட்காதது, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவளுக்குக் கேட்டிருக்கிறது. [இந்த வரியையும் வெட்டப் பார்த்தேன். கொஞ்சம் இனிப்பு. ஆனால் உண்மை, இருக்கட்டும்.]

லோஜனா எல்லாவற்றையும் சொன்னாள். குறிகளை எடுத்தது, முன்னுரை, நாற்காலி, நெதர்லாந்து. குறிகளைத் திருப்பிப் போடச் சொன்னால் ‘முழுமையாக மீட்கப்பட்ட’ என்பது பொய்யாகிவிடும், பயணம் போய்விடும், ஹியூ முகம் கொடுத்துக் கதைக்க மாட்டார். பாதி தமிழில், பாதி ஆங்கிலத்தில். அம்மா கையுறை போட்டு ஊறிய விரல்களைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“நாங்கள் கட்டுற ஒவ்வொரு தட்டிலயும் ஆர் கட்டினதெண்டு நம்பர் ஒட்டுவினம்” என்றாள். “ஆரும் வாந்தியெடுத்தா எங்களைப் பிடிக்க. நல்லாயிருந்தா ஒருத்தரும் தேடி வாறேல்ல. எண்டாலும் நம்பர் இருக்கு.”

இன்னொரு விமானம் இறங்கியது.

“கொப்பர் நாலு மாசம் நித்திரை கொள்ளாமக் கிடந்தது உந்த ஒல்லாந்தனுக்கோ?”

அதற்கு லோஜனா சிரித்துவிட்டாள். சிரித்தது நின்றபோது டெலிபோன் அடித்தது. ஹியூ.

அம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். லோஜனா எடுத்தாள். எல்லாம் சரிதானே, அனுப்பிவிடட்டுமா என்று அவர் அன்பாகக் கேட்டார். உண்மையிலேயே அன்பாகத்தான் கேட்டார்.

8

இங்கே நான் கையை எடுக்கிறேன்.

இந்த இடத்தில் அவள் வாயில் வைக்க என்னிடம் நல்ல வசனங்கள் இருக்கின்றன. நாக்கைப் பிடுங்குகிற மாதிரி ஒன்று. எழுதவும் எழுதினேன். எழுதியபின் அந்தப் புதன்கிழமை ஞாபகம் வந்தது. பெயர் கேட்காமல், ஒரு வார்த்தை கதைக்காமல், ஒருத்தியின் ‘தாங்க்ஸ்’ஸை எடுத்துக்கொண்டு வந்து, அதன்மேல் கராஜும் அப்பாவும் கோபமும் நான் எழுதியிருக்கிறேன். அவள் நாணத்தில் சொன்னாளோ, நக்கலுக்குச் சொன்னாளோ, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று சொன்னாளோ. தாடிக்காரர் அவளில் துயரத்தைக் கேட்டார். நான் அடிமைத்தனத்தைக் கேட்டேன். இரண்டு பேரும் தேநீர் வரிசையில்தான் நின்றோம்.

ஆனால் ஹியூ செய்ததை நான் செய்ய மாட்டேன். அதனால் இந்தக் கதை முழுவதையும் ஒரு பெரிய [ இற்கும் ] இற்கும் நடுவில் வாசியுங்கள். அவளுடையது ஒரு சொல். மற்றதெல்லாம் என்னுடையது.

முடிவு எங்கே என்று கேட்பீர்கள். தெர் வெய்டனின் தாளில் இருந்தது போலத்தான் இதிலும் இருக்கிறது: கீழே ஓடும் வரி முழுதாக உண்டு. மூன்றேகால் மணி. கார். ஜன்னல் பக்கம் திரும்பிய அம்மா. காதில் ஹியூவின் மூச்சு. மேல்வரியைக் காணவில்லை. நீங்கள் எழுதுங்கள். எழுதத் துணிந்தால் ஓரத்தில் உங்கள் பெயரையும் போடுங்கள், வாந்தியெடுத்தால் பிடிக்க. அவள் பெயரில் தள்ளிவிடாதீர்கள்.

லோஜனா சொன்னாள்:

[                                        ]

குறிகளை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.